மாமி தொலைக்காட்சியில் வந்த ஞாயிறு

என் மாமி ஒரு நடிகை. அப்பாவின் ஒரே தங்கை. பெரிய நடிகை என்று பொய் சொல்ல மாட்டேன். வேலைக்காரி, தாதி, இரண்டாம் தாரம், பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய், இப்படித்தான் அவருக்கு வேடங்கள் கிடைத்தன. ஆனாலும் மன்னார்த் தீவில் எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரையில் முகம் காட்டிய முதற் பெண் அவர்தான். பிள்ளைகள் நீங்கள் அவரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பிறகு சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டு வந்தேன். இன்றைக்கு எழுதியே தந்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் தவக்காலத்தில் கோயில் முற்றத்தில் திருப்பாடுகளின் காட்சி போடுவார்கள். அந்தக் காலத்தில் பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். ஒரு வருடம் வெரோனிக்கம்மாளாக வரவேண்டியவர் மீசையை எடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். பங்குச் சுவாமியார் யோசித்துப் பார்த்துவிட்டு, பதினாறு வயதாயிருந்த மாமியைக் கூப்பிட்டார். ஆண்டவரின் முகத்தைத் துடைத்த துணியை மாமி சனத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தபோது ஊரே அழுததாம். எல்லாரையும் விடப் பெரிதாக அழுதவர் அப்பாதான் என்று அம்மா சொல்லுவார்.

பிறகு மாமி தையல் படிக்கக் கொழும்புக்குப் போனார். அங்கே வானொலி நாடகத்தில் குரல் கொடுத்து, அதிலிருந்து ஒரு படத்துக்கும் போய்விட்டார். படம் மன்னார் டவுனுக்கு வந்த அன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு போனார். படத்தில் மாமி ஒரு குடிகாரனுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்து, அவன் தோளில் சாய்ந்தார். அவ்வளவுதான். அடுத்த நாள் கரைவலை இழுக்கும்போது யாரோ ஒருவன், "மச்சான், எனக்கும் ஒரு கிளாஸ் ஊத்தச் சொல்லன்" என்று பகிடி விட்டான். அப்பா கயிற்றைப் போட்டுவிட்டு நேரே கோயிலுக்குப் போய், அந்தோனியார் சுரூபத்தின் பாதத்தில் கை வைத்து, "இனி அவளின்ர முகத்தில முழிக்க மாட்டன்" என்று சத்தியம் பண்ணினார்.

மனிதருக்குக் கொடுத்த வாக்கை எங்கள் ஊரில் தாராளமாக மறப்பார்கள். அந்தோனியாருக்குக் கொடுத்ததைக் கடலுக்குப் போகிற எவனும் மீற மாட்டான். அதற்குப் பிறகு மாமி இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார். இரண்டு தரமும் அவர் திரும்பிப் போகும்வரை அப்பா கடற்கரையில் வலை வைக்கும் வாடியிலேயே கிடந்தார். மூன்றாம் தரம் மாமி வரவில்லை.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அம்மாவுக்கு மாமியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றே அம்மா உரத்து வாசித்தார்.

"மச்சாள், வாற ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணிக்கு ரீவியில என்ர நாடகம் போகுது. இதில நான் தாயா வாறன். நல்ல பாத்திரம். அண்ணன் ஒருக்காப் பாத்தாக் காணும், வேறொண்டும் வேண்டாம்."

அப்பா காது கேளாதவர்போல ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, சுவாமியாரிட்டக் கேட்டா அந்தச் சத்தியத்துக்கு விலக்குத் தருவார்."

"அந்தோனியாருக்குச் சொன்னதை விலக்கச் சுவாமியார் ஆர்?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் ஒழுங்கையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் வீட்டில் மட்டுந்தான். அவருடைய அன்ரனாவும் ஊரிலிருந்த மற்ற அன்ரனாக்களைப்போல இந்தியாவைப் பார்த்துத்தான் நின்றது. எங்களுக்குக் கொழும்பை விட அந்தக் கரைதான் கிட்ட. கொழும்புப் படம் வேண்டுமென்றால் வீட்டுப் பின்பக்கம் போய்க் கம்பத்தைத் திருப்ப வேண்டும்.

"உன்ர மாமிக்காக இண்டைக்கு இந்தியாவையே கைவிடுறன். ஓடிப்போய்த் திருப்படா தம்பி" என்றார் காக்கா.

நான் திருப்பினேன். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். "இன்னும்... இன்னும்... காணும், காணும்! ஐயோ, படம் போயிட்டுது!"

சோளகக் காற்று பலமாக அடித்த காலம். நான் கையை விட்டதும் கம்பம் தன்பாட்டில் சுழன்றது. பிடித்தால் படம் வந்தது. விட்டால் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. ஆகவே பிடித்துக்கொண்டே நின்றேன். யன்னலால் மாமியின் குரல் மட்டும் வந்தது. சொந்த மாமியை ஊரே பார்க்க, நான் மட்டும் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தேன்.

அப்போது வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த கண்டாயத்தால் அப்பா உள்ளே வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் என் கைகளுக்கு மேலே தன் கைகளை வைத்துக் கம்பத்தை இறுக்கிப் பிடித்தார்.

"நீ உள்ளுக்குப் போய்ப் பார்."

"நீங்கள், அப்பா?"

"இந்தக் காத்துக்கு நீ காணாது. போடா எண்டுறன்."

அவர் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். நான் ஓடினேன்.

மாமி தலையை நரைக்க வைத்துக்கொண்டு, வெளிநாடு போன மகனின் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். எழுத்தில்லாத இடங்களிலும் வாசித்தார். அழவேண்டிய இடத்தில் அழாமல் கடிதத்தை நாலாக மடித்தார். மடிக்கும்போது உதட்டைக் கடித்தது அப்படியே அப்பாதான். நாடகம் முடியும்வரை படம் ஒரு தரமும் ஆடவில்லை.

"இந்தியாகூட எனக்கு இப்படித் துலக்கமா வந்ததில்லை. ஆர் கம்பத்தில, அந்தோனியாரோ?" என்றார் காக்கா. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. யன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

முடிந்ததும் வெளியே ஓடினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

"முடிஞ்சுது அப்பா. விடுங்கோவன்."

விட்டார். உள்ளங்கை இரண்டிலும் துரு சிவப்பாக ஒட்டியிருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு இலுப்பைக்கடவையில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். அப்பா வரவில்லை. மாமி வந்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி, "அண்ணன் பாத்தவரோடா?"

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஓம் என்று சொல்லச் சொல்கிறார் என்பது விளங்கியது. ஆனால் நான் அப்போதுதான் முதன்முதலாக நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்திருந்தேன். பொய் சொல்லப் பயம்.

"இல்லை மாமி. ஒரு சொட்டும் பாக்கேல்லை. வெளியில நிண்டு கம்பத்தைப் பிடிச்சவர்."

"எவ்வளவு நேரம்?"

"முழுக்க. முடிஞ்ச பிறகும் விடேல்லை."

மாமி கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கோவிக்காதேங்கோ மாமி. அடுத்த முறை எப்பிடியும் அப்பாவைப் பாக்க வைக்கிறன்."

மாமி தலைப்பை எடுத்தார். முகம் முழுக்கக் கண்ணீர், ஆனால் சிரித்தார். திரையில் ஒரு நாளும் அவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை.

"வேண்டாமடா. அடுத்த முறையும் அண்ணனையே பிடிக்கச் சொல்லு."

தன்னை ஒரு சொட்டும் பார்க்காத மனிதரை நினைத்து மாமிக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். எனக்குப் பிடிபடவே இல்லை.