மூச்சு விடுற குழு

அன்றைக்கு முகாமில் கூடியிருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்த பயிற்சிப் பிள்ளை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் பெல்ட் போட்டிருந்த பெயின்டர் அண்ணன், அவர் மனைவி. கடைசி லைன் வீட்டு மாமியார், மருமகள், மருமகளின் மடியில் கைக்குழந்தை. டீ கேனோடு நான். இவ்வளவு பேர்தான். இருந்திருக்க வேண்டிய ஒருத்தி இல்லை. அவளுக்காகத்தான் நான் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

நான் முகாம் ஆள் இல்லை. திருமயம் ரோட்டில் முகாமுக்குத் திரும்புகிற இடத்தில் எங்கள் டீக்கடை. இப்போது போர்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கேம்ப் என்றுதான் சொல்வோம். நான் எட்டாவதோடு நின்றவள். படிப்பு நின்றாலும் யோசனை நிற்கவில்லை. மகன் வருகிற பஸ் கொஞ்சம் தாமதமானால் போதும், அது எந்த வளைவில் கவிழ்ந்தது என்பது வரைக்கும் என் மனசு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். கேஸை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருவேன். மூடியிருக்கும். மூடியிருந்ததைப் பார்த்துவிட்டுப் போகும்போது, திரும்பப் பார்த்ததில் கை பட்டுத் திறந்திருக்குமோ என்று தோன்றும்.

இப்படிப்பட்ட என்னைக் கேலி பண்ணிச் சிரிக்க வைக்கிறவள் அவள். முகாமில் பிறந்தவள், என்னைவிடச் சின்னவள், பிளவுஸ் தைக்கிறவள். சாயங்காலம் நாலு மணிக்குக் கடைக்கு வந்துவிடுவாள். பால் இல்லாமல், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன் டீதான் குடிப்பாள். எங்கள் ஊர் டீயைப் பார்த்து, இது டீயா பாயாசமா அக்கா என்று கேட்பாள்.

போன வருஷம் அவளுக்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்க வேண்டியிருந்தது. முகாம் ஆட்களுக்கு வெளியில் யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் கேட்கிற வோட்டர் கார்டு இவர்களிடம் இருக்காது. அதனால் எங்கள் தெருக் குழுவில் என் பெயரில் எடுத்துக் கொடுத்தேன். வாரா வாரம் டியூ. ஒழுங்காகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கோயம்புத்தூர் பக்கம் பெயின்ட் வேலைக்குப் போனார். மேஸ்திரி கூலியை இழுத்தடித்தான். டியூ நின்றது. கடை வரும்படியில் நானே கட்டினேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் மனசு ஒடிந்துவிடுவாளோ என்று பயம்.

அதோடு அவள் கடைக்கு வருவதும் நின்றது. பிறகு வீட்டை விட்டே வெளியே வருவதில்லை என்றார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம், சரியாகச் சாப்பிடுவதில்லையாம். பஸ்ஸைக் கவிழ்க்கிற மனசு இதை விடுமா? எதையெதையோ நினைத்துக்கொண்டு பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து பயிற்சிப் பிள்ளை வந்தாள். மன அழுத்தத்தைச் சமாளிக்கச் சொல்லித் தரப் போகிறோம், சனிக்கிழமைதோறும், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து என்றாள். கழுத்தில் கார்டு, தோளில் பை. லைன் லைனாகப் போய், சனிக்கிழமை குழுக் கூட்டம், மறக்காம வந்துருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் டீ கொடுக்கிற சாக்கில் அவளிடம், என் தங்கச்சி மாதிரி ஒருத்தி இருக்கிறாள், அவளை எப்படியாவது வரவையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை அவள் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். கடைசி லைன் மாமியார் மாத்திரை அட்டையோடு வந்து, பிரஷர் எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அழுத்தம் என்றால் அவருக்கு அதுதான். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் பேசியது. பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்துங்கள், மூச்சை மெதுவாக விடுங்கள் என்றது. கவலை வந்தால் அதோடு சண்டை போடாதீர்கள், இதோ ஒரு கவலை வந்திருக்கிறது என்று அதற்குப் பெயர் சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வேலைக்குத் திரும்புங்கள் என்றது.

"எங்கட கவலைக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டா இடம் காணாது பிள்ளை, பந்தல் போடோணும்" என்றார் பெயின்டர் அண்ணன். அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டாள்.

எனக்கு அது பிடித்துப்போனது. கவலையைக் கடைக்கு வருகிற ஆளாக வைத்துக்கொண்டேன். வந்தாயா, அந்தப் பெஞ்சில் உட்கார், எனக்கு வேலை இருக்கிறது. பஸ் கவிழ்கிற கவலை பெஞ்சில் உட்கார்ந்தது. கேஸ் கவலை உட்கார்ந்தது. அவளைப் பற்றிய கவலை மட்டும் உட்காரவே இல்லை.

இரண்டாவது சனிக்கிழமையும் அவள் வராததைப் பார்த்து, பயிற்சிப் பிள்ளை ஒரு நல்ல எண்ணத்தில் சொன்னாள், அவங்க வரலைன்னா என்ன, நாமளே அவங்க வாசலுக்குப் போய் உக்காந்து நடத்துவோம் என்று. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டோம். பெயின்டர் அண்ணனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கேனைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போனேன். சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் பாயை விரித்து வரிசையாக உட்கார்ந்தோம். பயிற்சிப் பிள்ளை கதவைத் தட்டி, "அக்கா, குழுவுல இருந்து வந்திருக்கோம்" என்றாள்.

உள்ளே எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அவள் தையல் மெஷினை இழுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இதக் கொண்டு போங்கோ. மோட்டாரும் இருக்கு. மிச்சத்துக்கு என்னட்ட ஒண்டும் இல்ல."

பயிற்சிப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் ஒரு நொடி புரியவில்லை. பிறகுதான் நாங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தேன். எங்கள் பக்கம் பெண்களிடம் குழு என்றால் கடன் குழுதான், வேறு அர்த்தம் கிடையாது. ஒருத்தி டியூ கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எல்லாரும் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். பணம் வருகிறவரை எழுந்திருக்கக் கூடாது. கழுத்தில் கார்டு போட்ட வசூல் ஆளும் ஸ்கூட்டியில் கூடவே வருவார். பாய் முதல் கார்டு வரை எதையும் விடாமல் அப்படியே செய்து வைத்திருந்தோம். அதிலும் முன்னால் நடந்து வந்தவள் நான்.

"இது அந்தக் குழு இல்லடி" என்றேன். "இது மூச்சு விடுற குழு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பாயைப் பார்த்தாள், டீ கேனைப் பார்த்தாள், மாமியார் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள். முதலில் சிரித்தவர் பெயின்டர் அண்ணன்தான். சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்பதால், ஐயோ ஐயோ என்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து எல்லாரும் சிரிக்க, அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். மருமகள் பயிற்சிப் பிள்ளையிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னாள். அந்தப் பிள்ளை கழுத்துக் கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நான் மெஷின் மேல் சாய்ந்திருந்தவள் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தேன். "நான் ஒங்கிட்ட என்னைக்காச்சும் கேட்டனாடி?"

"கேக்காததுதானக்கா எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு" என்றாள். "ஒரு நாள் கூப்பிட்டு நல்லா ஏசியிருந்தா, நானும் அழுதிட்டு ஒரு பிளேன் டீ குடிச்சிருப்பன்."

நான் மனசு ஒடிந்துவிடுவாளோ என்று கேட்காமல் இருந்திருக்கிறேன். நான் கேட்காமல் இருப்பதைப் பார்த்து, அக்கா மனசுக்குள் வெறுத்துவிட்டாள் என்று அவள் முடிவு கட்டியிருக்கிறாள். கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"சரி, இனிமே தெனமும் ஏசுறேன். வந்து வாங்கிட்டுப் போ."

"ஓம்" என்றாள்.

மெஷினை நானும் மருமகளும் தூக்கி உள்ளே வைத்தோம். கேனில் இருந்தது பால் டீதான். முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். அப்புறம் அந்த வாசலிலேயே ஸ்பீக்கரைப் போட்டார்கள். பாதத்தை அழுத்துங்கள் என்றது குரல். என் செருப்பில்லாத காலுக்குப் பக்கத்தில் அவள் கால் இருந்தது. மண்ணில் நன்றாக அழுத்தி வைத்திருந்தாள். மூச்சை விடுங்கள் என்றபோது அவள் விட்டது எனக்குக் கேட்டது. எனக்குள் உட்காராமல் நின்றுகொண்டிருந்த கவலை அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தது.

அடுத்த வாரத்திலிருந்து பயிற்சிப் பிள்ளை லைன் லைனாகப் போய், மூச்சு விடுற குழு, சனிக்கிழமை என்று சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்து லைன் பெண்கள்கூட அதன் பிறகு வந்தார்கள். பயிற்சி முடிந்து அந்தப் பிள்ளை வேறு ஊருக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை பாய் மட்டும் இன்னும் விரிகிறது. பெயின்டர் அண்ணன் ஸ்பீக்கர் குரலில் பேசிக் காட்டுகிறார்.

அவள் பழையபடி நாலு மணிக்கு வருகிறாள். கோயம்புத்தூர்க் கூலி துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கிறது. கிடைத்ததை டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பாள். நான் ஏசுவேன். ஏசுவதற்கு ஒன்றும் இல்லாத நாளில், ஏன்டி இவ்வளவு எளச்சுப்போன என்று ஏசுவேன். இன்றைக்கு ஏச்சில் உப்புக் காணாது என்பாள்.

இப்போது எனக்குப் புதிதாக ஒரு கவலை வந்திருக்கிறது. கடன் தீர்ந்துபோனால் அவள் தினமும் வருவாளா? பிளேன் டீக்கு மட்டும் யாராவது வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வருவார்களா? இதையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இஞ்சி தட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று வைத்ததையும் கழித்துப் பார்த்தால், நல்லவேளை, இன்னும் நாலாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி இருக்கிறது.