ஒன்பது எண்ணும் குகதாசன்

ஈர்க்கு நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறார் குகதாசன். கையிலிருப்பது நான் கொழும்பிலிருந்து எடுப்பித்த மெமரி. பச்சைத் தகட்டின்மேல் வரிசையாகக் கறுப்புச் சிப்புகள். எட்டில் ஈர்க்கு நின்றுவிடுகிறது. தகட்டைத் திருப்பினால் அந்தப் பக்கம் வெறுமை. மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார், பிந்தி ஒன்று முளைத்துவிடும் என்பதுபோல.

"எட்டுத்தான் கிடக்குது மாஸ்ரர். இது சரிவராது."

எங்கள் வாசிகசாலையில் ஒரு கிழட்டுச் சேர்வர் உண்டு. ஊரின் பழைய புத்தகங்களையெல்லாம் ஸ்கான் பண்ணி அதற்குள்தான் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் திறப்பதற்குள் பிளேன்ரீ குடித்து முடிக்கலாம். மெமரி கூட்டினால் வேகமாகும் என்று அந்தச் சேர்வரைக் குகதாசனிடம் தூக்கி வந்தது இது இரண்டாம் தடவை. முதல் தடவை கொண்டுவந்த மெமரியில் ஒன்பது இருந்தது. ஆனால் மனிதர் லேபலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வாசித்துவிட்டு, அது வேறு வகைச் சேர்வருக்கு உரியது, போட்டால் இயந்திரம் எழும்பாது என்று திருப்பித் தந்தார்.

"கொழுவிப் பாத்தனான். வேலை செய்யுதே!" என்றேன் எரிச்சலோடு.

"வேலை செய்யும் மாஸ்ரர். அதுதான் கரைச்சல்."

குகதாசனுடையது, கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் கொம்பியூட்டர் திருத்தும் சிறிய கடை. நாற்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு. மெமரியைத் தொடுமுன் யன்னல் கம்பியை ஒருமுறை பிடிப்பார். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கவாம். பார்ப்பவர்களுக்கு ஏதோ சாமி கும்பிடுவது போலிருக்கும். சேர்வரின் வகை இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி மூடியைத் திறந்து பார்த்து எழுதுவார். கடதாசியில் எழுதினால் என்ன என்று கேட்டேன். "துண்டு துலைஞ்சுபோம்" என்றார்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் அவர் சொல்லும் விளக்கம் எளிது. "எட்டும் எழுதுற ஆக்கள். ஒன்பதாவது, எழுதினது சரியோ எண்டு பாக்கிற ஆள். வீட்டுக் கொம்பியூட்டர் அந்த ஆள் இல்லாமலும் ஓடும். ஊர்ச் சாமானை வைச்சிருக்கிற மெசினுக்கு ஆள் வேணும்."

இந்தப் பாடத்தை அவர் ஆறு வருடங்களுக்கு முன், ராஜரத்தினம் என்பவரின் படம் பிடிக்கும் ஸ்ரூடியோவுக்குச் சேர்வர் திருத்தப் போனபோது படித்தார். இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த சனம், கைக்கு மிஞ்சிய ஒன்றிரண்டு படங்களை அங்கே ஸ்கான் பண்ணி வைத்திருந்தது. திவசம் வந்தால் அங்கேதான் பெரிதாக்கிப் பிறேம் போடுவார்கள். கலியாண மாதம், ஸ்ரூடியோவில் அவசரம். குகதாசன் கைவசமிருந்த எட்டுச் சிப் மெமரியை அங்கிருந்த சேர்வரில் கொழுவினார். இயந்திரம் பறந்தது. அதே கையோடு படங்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, பழைய டிஸ்க்கை அழித்தார். அந்த மெமரியில் சிறு பழுது இருந்தது; அதன் வழியாகப் போன படங்களில் சில பிழையாக எழுதப்பட்டன. பிழையைக் கண்டுசொல்ல ஒன்பதாவது ஆள் அங்கே இருக்கவில்லை.

"இருபது படம் திறந்து பாத்தனான் மாஸ்ரர். இருபதும் நல்லாக் கிடந்தது. மிச்சத்தையும் பாத்திருக்கோணும்."

நாற்பத்தொரு படங்கள் பழுதாகிவிட்டன. அதிலொன்று, போரில் பத்தொன்பது வயதில் இறந்துபோன கமலாசனியின் படம். உருத்திரபுரத்தில் இருக்கும் அவளது தாய் அன்னபாக்கியத்திடம் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். நனைந்து ஊறியிருந்த அசல் படமும் முன்பு ஸ்கான் பண்ணும்போதே கண்ணாடியில் ஒட்டிக் கிழிந்துவிட்டது. இப்போது பழுதான ஸ்கானில் மிஞ்சியிருப்பது நெற்றியும் கண்களும். மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

குகதாசன் தானே நேரில் போய்ச் சொன்னார். அந்த அம்மா ஏசவில்லை. "நீர் என்ன, வேணுமெண்டே செய்தனீர்? கண் கிடக்குத்தானே தம்பி, அதைப் பெரிசாக்கித் தாரும்." ஏசியிருந்தால் இவர் இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார் என்று எனக்குப் படுகிறது.

போன வருடம், கொம்பியூட்டரே வாயையும் கன்னத்தையும் கீறி வரைந்து தரும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்து கொண்டுபோனார். அன்னபாக்கியம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்குது. ஆர் தம்பி இந்தப் பிள்ளை?"

இதையெல்லாம் சொல்லிவிட்டு, என் மெமரியைப் பெட்டிக்குள் வைத்து என் பக்கம் தள்ளினார். "நாளைக்குத்தான் அந்தப் பிள்ளையின்ர திவசம். நேரமிருந்தா வாருங்கோ." சற்றுமுன் பட்ட எரிச்சலை நினைக்க எனக்கு வெட்கமாயிருந்தது.

மறுநாள் போனேன். அன்னபாக்கியத்தின் முற்றத்துப் பந்தலில், கதிரையொன்றின்மேல் கமலாசனியின் அந்தப் பாதிப் படம் இருந்தது. சாம்பல் பகுதி தெரியாதபடி மூக்கடியோடு நந்தியாவட்டை மாலையைப் போட்டிருந்தார் தாய். சனம் சாப்பிட உட்கார்ந்தது. சோளகக் காற்று எழும்பி மாலையை ஒருபக்கம் ஒதுக்கியது. பாதிச் சாப்பாட்டில் குகதாசன் எழுந்தார். கிணற்றடியில் கை கழுவிவிட்டு வந்து, மாலையைப் பழைய இடத்துக்கு இழுத்தார். காற்று விடவில்லை. கடைசிப் பந்தி எழும்பும்வரை அவர் அதைப் பிடித்தபடியே நின்றார்.