இரண்டு மூலஸ்தானக் கோயிலில் அருள்நாயகி

அருள்நாயகியைப் பற்றி எழுத லண்டனில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. தில்லையம்பலம் என்றால் செவன் கிங்ஸில் தெரியாதவர் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு பழைய வான் வண்டியோடு தொழிலைத் தொடங்கினேன். இன்றைக்கு மூன்று மினிபஸ் என் பெயரில் ஓடுகின்றன. பிரான்சுக்கு, லூர்து மாதாவிடம் போகும் சனம் என்னைத்தான் கூப்பிடும். டொக்டரும் எஞ்சினியரும் என் பின் சீட்டில் இருந்து தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள், நான் முன்னால் இருந்து ஓட்டுவேன். பிரான்சில் எந்த ரோட்டுக்கும் எனக்கு வழி சொல்லும் சட்நாவ் தேவையில்லை.

அருள்நாயகி கலியாணம் பேசுகிறவள். அதற்கு முன்னால் இல்ஃபோர்ட் பக்கம் ஒரு தமிழ்க் கடையில் காசாளராக இருந்தாள். அங்கேதான் அவளுக்கு இந்த ஞானம் வந்தது. சாமான் கூடையைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவாள். ஒரு தாய் கிழமைக்குக் கிழமை கூழ் காய்ச்ச ஒடியல்மா வாங்குகிறாள், ஆனால் பிட்சாவும் வாங்குகிறாள் என்றால், வீட்டில் கலியாணம் ஆகாத பெரிய பொடியன் இருக்கிறான் என்று அர்த்தம். "அக்கா, மோனுக்கு எத்தினை வயசு?" என்று மிச்சக் காசைக் கொடுக்கும்போதே கேட்பாள். கடை முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அவள் வேலையை விட்டாள். அதன் பிறகு அவளால் குடும்பமான வீடுகள் கிழக்கு லண்டன் முழுக்க உண்டு.

அவளுடைய தொழில்முறை இரண்டே இரண்டு. ஒன்று, இரு பகுதியும் சம்மதம் சொல்லும்வரை ஒருவரின் போன் நம்பரை மற்றவருக்குக் கொடுக்க மாட்டாள். மற்றது, முதல் சந்திப்பு எப்போதும் கோயிலில்தான். அதுவும் தற்செயலாக நடந்த மாதிரி. பொம்பிளை வீட்டார் மூலஸ்தானத்துக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். "அட, நீங்களும் வந்திருக்கிறியளோ!" என்று அருள்நாயகி வாயில் கையை வைப்பாள். எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். சரிவராவிட்டால் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக இல்லை. கோயிலுக்கு வந்தோம், கும்பிட்டோம், போனோம். இவ்வளவு மரியாதையான ஏற்பாட்டை எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுப்பார்கள்?

இந்த அருள்நாயகிக்கே தண்ணி காட்டியவன் நிரூபன். எங்கள் தெருவில் இருக்கிற தவமலரின் ஒரே மகன். கொம்பியூட்டர் வேலை, நல்ல சம்பளம், வயது முப்பத்தாறு. பார்த்த பெண்கள் எல்லோரும் ஏதோ ஒன்றில் தட்டிப் போனார்கள். கடைசியில் அவன் தாயிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"அம்மா, இன்னும் ஒண்டு பாப்பன். அதுவும் சரிவரேல்லை எண்டா இந்தக் கதையே வேண்டாம். பிறகு நீங்கள் அழக் கூடாது."

தவமலர் அன்றைக்கே அழுதாள். அழுதுகொண்டு அருள்நாயகி வீட்டுக்குப் போனாள். அருள்நாயகி தன் கையிலிருந்த கடைசித் துருப்பை எடுத்தாள். பெயர் கம்சிகா. பிரான்சில் நெவேர் என்ற ஊர். தகப்பன் பரமேஸ்வரன், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தார், பாரிசில் கோப்பை கழுவி, பிறகு நெவேரில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை கிடைத்துப் போய் அங்கேயே வேர் விட்டவர். மகள் அந்த ஊரின் பேர்போன நீலப் பீங்கானுக்குப் பூ வரைகிறவள்.

ஒரே ஒரு சிக்கல். பெட்டை ஊரை விட்டு வரமாட்டாளாம். இதை அருள்நாயகி என்னிடம் மட்டும் சொன்னாள்.

"தவமலரிட்டச் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"முதல் கண்ணால பாக்கட்டும், அண்ணை. ஊர்ப் பிரச்சினையைப் பிறகு பாப்பம்."

நெவேரில் சைவக் கோயில் இல்லை. ஆனால் மலை மேல் கத்தீட்ரல் என்ற பெரிய தேவாலயம் இருக்கிறது. அருள்நாயகி பெண்ணின் தாயிடம் போனில் வழக்கம்போலச் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மூலஸ்தானத்துக்கு முன்னால நில்லுங்கோ. நாங்கள் தற்செயலா வாறம்."

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். நான், அருள்நாயகி, தவமலர், நிரூபன். கடலடிச் சுரங்கத்தால் போய், பாரிசைத் தொடாமல் சுற்றி, தெற்கே இறங்கினேன். நான் சொன்ன நேரத்துக்கு ஊர் வந்தது. ஆற்றின் தென்கரையால் கொண்டுபோய்ப் பாலத்தடியில் வானை நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால்தான் நெவேர் நெவேராகத் தெரியும். வளைவு வளைவாகக் கல் பாலம், அக்கரையில் அடுக்கடுக்காக ஓட்டு வீடுகள், உச்சியில் கத்தீட்ரலின் கோபுரம், பக்கத்தில் பழைய பிரபுக்களின் அரண்மனை. கீழே லுவார் ஆறு. கோடை என்றபடியால் தண்ணீர் ஒதுங்கி, நடுவில் மணல்தீவுகள் படுத்துக் கிடந்தன.

தவமலர் இறங்கி இடுப்பில் கையை வைத்தாள்.

"உதோ பெரிய ஆறு? எங்கட யாழ்ப்பாணத்து வழுக்கையாறு மாதிரியெல்லோ மணலாக் கிடக்கு."

"வழுக்கையாத்தில எப்பவாவது இவ்வளவு தண்ணி கண்டனீங்களோ, அக்கா?" என்றாள் அருள்நாயகி.

"மாரியில வந்து பார்."

"ஓம், மாரியில வந்து கலியாணமும் பேசுவம்."

ஞாயிறு காலை தவமலர் முதலில் புனித பெர்னதெத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். லூர்தில் மாதாவைக் கண்ட பிள்ளை இந்த ஊர் மடத்தில்தான் கன்னியாஸ்திரியாக இருந்து இறந்தாள். கண்ணாடிப் பேழைக்குள் நித்திரை கொள்கிற மாதிரிப் படுத்திருக்கிறாள். தவமலர் பிறந்த நாள் தொட்டுச் சைவம். ஆனாலும் மல்லிகை மாலை ஒன்றைச் செவன் கிங்ஸில் இருந்து ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். "ஒருத்தரையும் பகைக்கக் கூடாது, தம்பி" என்று மகனுக்குச் சொன்னாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. பல் டொக்டரிடம் வந்தவன் சிரிக்கிற சிரிப்பு.

பின்னேரம் கத்தீட்ரலுக்குப் போனோம். அந்தக் கோயிலுக்கு முன்வாசல் என்று ஒன்று இல்லை; பக்கத்தால்தான் உள்ளே போக வேண்டும். போய் நின்றதும் அருள்நாயகி திசை பார்த்தாள்.

"மூலஸ்தானம் கிழக்குப் பாத்திருக்கும். அப்ப அது மேற்குப் பக்கம்தான் இருக்க வேணும். வாங்கோ."

மேற்குப் பக்கம் போனோம். அவள் சொன்னது சரி. படிகளுக்கு மேலே வட்டமான மூலஸ்தானம், மேற்கூரை வளைவில் பழைய ஓவியத்தில் யேசுநாதர். முன்னால் ஒருவரும் இல்லை. நின்றோம். ஒரு சீன வயோதிபர் படம் எடுத்துவிட்டுப் போனார். தொடர்ந்து நின்றோம். அருள்நாயகி பெண்ணின் தாய்க்குப் போன் எடுத்தாள். அது நிறுத்தப்பட்டிருந்தது.

"வராமல் விட்டுட்டினம்" என்றாள் தவமலர். குரல் உடைந்தது. "என்ர பிள்ளைக்கு விதிச்சது இவ்வளவுதான். கடைசி எண்டு சொன்னவன், இனி ஒருநாளும் சம்மதிக்கான்."

"சும்மா இருங்கோ, அக்கா. தற்செயலா வாற சனம் தற்செயலாப் பிந்தும்" என்றாள் அருள்நாயகி. ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது. நான் பார்த்தேன்.

நான் சும்மா நிற்கிற ஆள் இல்லை. கோயிலின் மற்றப் பக்கத்துக்கு நடந்தேன். அங்கே போனால், கடவுளே, இன்னொரு மூலஸ்தானம்! உயரமான தூண்களும் நிறம் நிறமான கண்ணாடி ஜன்னல்களுமாக. அதற்கு முன்னால் பரமேஸ்வரனும் மனைவியும் கோயிலுக்கு உடுத்த உடுப்போடு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே கோயிலுக்கு இரண்டு தலை. இந்த மாதிரிக் கோயிலை என் ஆயுசில் காணவில்லை. நான் காணாதது குறைவு.

திரும்பி வரும் வழியில் நடு மண்டபத்தில் நிரூபனைக் கண்டேன். அம்மாவின் அழுகை தாங்காமல் நழுவி வந்திருக்க வேண்டும். அவனுக்கு முன்னால் ஒரு பெண், மூக்குக் கண்ணாடி, நகத்தில் நீலச் சாயம். அருள்நாயகி காட்டிய போட்டோவில் பட்டுச் சேலையும் பூச்சுமாக இருந்தவள் இவள்தான் என்று கண்டுபிடிக்க என் கண் தேவைப்பட்டது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நீங்கள் செவன் கிங்ஸோ?" என்று அவள் கேட்டாள்.

"ஓம். நீங்கள் அந்த போட்டோ... கம்சிகாவோ?"

"அது அம்மா எடுப்பிச்ச போட்டோ. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். இரண்டு பேரும் தட்டுத்தடுமாறித் தமிழில்தான் கதைத்தார்கள். கேட்கவே வடிவாக இருந்தது.

"ஏன் இரண்டு பக்கமும் சாமி அறை இருக்கு?" என்றான் அவன்.

"மேற்கில இருக்கிறது பழசு. பிறகு கிழக்கில புதுசு கட்டிச்சினம். பழசை இடிக்க மனம் வரேல்லைப் போல."

"இந்த கிளாஸ் எல்லாம் நியூவா இருக்கு?"

"யுத்தத்தில குண்டு விழுந்து பழைய கண்ணாடி எல்லாம் நொருங்கிப் போச்சு. குண்டு போட்டது ஆர் தெரியுமோ? உங்கட ஆக்கள். இங்கிலிஷ்காரர்."

"நான் அப்ப பிறக்கேல்லை" என்றான் நிரூபன், பயந்தவன் மாதிரி.

அவள் பலமாகச் சிரித்தாள். கோயில் முழுக்கக் கேட்டது. அவனும் சிரித்தான். இது பல் டொக்டர் சிரிப்பு இல்லை.

நான் ஓடிப்போய் அருள்நாயகியிடம் இரண்டு செய்தியையும் காதோடு சொன்னேன். வேறொருத்தி என்றால் உடனே போய்ப் பெற்றோரைக் கூட்டி வந்திருப்பாள். அருள்நாயகி தூணுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள். கண் நிறைந்தது. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தவமலரிடம் திரும்பினாள்.

"அக்கா, அவை ரோட்டில நிக்கினமாம். வாகன நெரிசல். இதில இருந்து கொஞ்சம் கும்பிடுங்கோ, எழும்பாதேங்கோ."

பிறகு மற்றப் பக்கம் விரைந்தாள். "பரமேஸ் அண்ணை, மாப்பிள்ளை வீட்டார் இப்பதான் வெளிக்கிடினம். தாய்க்குத் தலைச்சுத்து." அங்கிருந்து திரும்பவும் இங்கே. அந்த நீளமான கோயிலில் அவள் நடந்த நடையை நேர்த்திக்கடனுக்குக்கூட யாரும் நடந்திருக்க மாட்டார்கள். சந்நிதானத்தில் இவ்வளவு பொய் சொல்லலாமா என்று கேட்டேன். "நடுவில உண்மை நடக்குது, அண்ணை, அது போதும்" என்றாள் மூச்சு வாங்க.

கடைசியில் இனிப் பொய் மிஞ்சவில்லை என்றானபோதுதான் எல்லோரையும் வெளியே அரண்மனை முற்றத்துக்குக் கூட்டி வந்தாள். அங்கிருந்து பார்த்தால் பூந்தோட்டம் சரிந்து போய் ஆற்றில் முடியும். "அட, நீங்களும் வந்திருக்கிறியளோ!" என்று வாயில் கையை வைத்தாள். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நிரூபனும் கம்சிகாவும் மட்டும் நிலத்தைப் பார்த்தார்கள்.

தவமலருக்குப் பெண்ணைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. கையைப் பிடித்தாள். "லண்டன் உனக்குப் பிடிக்கும், பிள்ளை."

கம்சிகா கையை இழுக்கவில்லை. "ஆன்ரி, நான் லண்டனுக்கு வரமாட்டன். என்ர வேலை இந்த ஊரில மட்டும்தான் இருக்கு. உங்கட மகனிட்ட முதலே சொல்லிப்போட்டன்."

பரமேஸ்வரன் தலை குனிந்தார். தவமலர் மகனைப் பார்த்தாள். அவன் ஆற்றைப் பார்த்தான்.

"அம்மா, நான் வீட்டில இருந்துதானே வேலை செய்யிறன். கம்பனியைக் கேட்டுப் பாக்கலாம்."

"அருள்!" தவமலரின் குரல் பாலம் வரை போனது. "நான் பொம்பிளை கூட்டிக்கொண்டு போக வந்தனானோ, பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போக வந்தனானோ? ஊர் என்ன சொல்லும்? தவமலரின்ர மோன் மாமியார் வீட்டில எண்டு சிரிக்காதோ?"

அருள்நாயகி தவமலரைக் கல் வாங்கில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, உங்கட மனுசன் எந்த ஊர்?"

"அளவெட்டி. உனக்குத் தெரியாதோ?"

"கலியாணம் முடிச்சு எங்க இருந்தவர்?"

தவமலர் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள்.

"சொல்லுங்கோ, அக்கா."

"கோண்டாவில். எங்கட சீதன வீட்டில."

"அளவெட்டிச் சனம் சிரிச்சதோ?"

"ஏன் சிரிக்குது? அதுதானே எங்கட வழமை. பொம்பிளைக்கு வீடு, மாப்பிள்ளை அங்க..." தவமலர் பாதியில் நிறுத்தினாள்.

"அதைத்தான் பிள்ளையும் கேக்குது. புதுசா ஒண்டும் கேக்கேல்லை. உங்கட மோன் எங்கட வழமைப்படிதான் போறான். லண்டனுக்கு வந்து நாங்கள்தான் மாத்திப்போட்டம்."

பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "எங்கட வீட்டு மேல்மாடி சும்மா கிடக்கு, அக்கா. பிள்ளைக்குத்தான் எழுதியிருக்கு. ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியும்."

தவமலர் ஆற்றைப் பார்த்தாள். மணல்தீவில் ஒரு கொக்கு நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பெண்ணின் தாய் பக்கம் திரும்பினாள்.

"உந்த ஊரில வெண்டிக்காய் கிடைக்குமோ? அவன் வெண்டிக்காய் இல்லாமல் சாப்பிடான்."

"சனிக்கிழமைச் சந்தைக்கு வரும், அக்கா" என்றாள் அந்த அம்மா. "முத்தினதுதான் வரும். நான் நல்லதாப் பொறுக்குவன்."

"முனையை முறிச்சுப் பாத்து எடுங்கோ" என்றாள் தவமலர். "வாருங்கோ, அந்த மேல்மாடியை ஒருக்காப் பாப்பம்."