பெரியப்பா தூங்குகிறார்

கோடை விடுமுறைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதை ஆனந்தம் என்று சொல்பவர்களுக்கு இரட்டைத் தம்பிகள் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு இருந்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது, அவர்களுக்கு நான்கு. ஐந்து நிமிட வித்தியாசத்தில் ஒருவன் பெரியவன், இன்னொருவன் சின்னவன். மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டியில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு இவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அம்மா பாதி ஆளாகிவிட்டாள். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது சின்னவன் ஒரு செருப்பைத் தண்டவாளத்தில் போட்டான். அவனுக்கு மட்டும்தானா என்று பெரியவன் தன்னுடைய இரண்டையும் போட்டான். மீதி வழிக்கு ஆளுக்கொருவனை இடுப்பில் சுமந்தோம்.

பெரியம்மா வீடு, கம்பெனிகளுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த ஆறு வீடுகளில் ஒன்று. ஒரே அறை, அதன் மூலையில் சமையல். பெரியப்பா இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் இருபது வருடமாக வேலை பார்த்தார். நாங்கள் போனபோது அவருக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து, குளித்து, நாஷ்டா முடித்து, ஜன்னலை அட்டையால் அடைத்துவிட்டுப் படுப்பார். அந்த நிமிடம் முதல் வீட்டில் பெரியம்மாவின் சட்டம் அமலுக்கு வரும்.

"பெரிப்பா தூங்குறாரு. எவனாவது வாயத் தொறந்தீங்க, தோல உரிச்சிருவேன்."

உள்ளே பேசக்கூடாது, வெளியே வெயிலில் நிற்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வாசல்படியில்தான் எங்கள் விடுமுறை கழிந்தது. தம்பிகளை அடக்கும் பொறுப்பு என் தலையில். ரகசியமாகப் பேசுங்கடா என்றால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். ஒரு டம்ளர் விழுந்தால் பெரியம்மா முதலில் கட்டிலைப் பார்ப்பாள், அப்புறம் என்னை முறைப்பாள். பெரியப்பா அசையவே மாட்டார். "வந்ததுலேர்ந்து ஒரே பேஜாரு க்கா, நாளைக்கே கூட்டிக்கினு போயிடறேன்" என்று அம்மா தினமும் சொன்னாள். "இன்னாடி, பத்து நாள் இருக்கறன்னு சொல்லிட்டு" என்று பெரியம்மா தினமும் தடுத்தாள். இரண்டு பேருக்குமே சலிப்பு. எனக்கு அவர்கள் இருவர் மேலும் சலிப்பு.

நான்காம் நாள் தண்ணீர் லாரி வந்தது. பெரியம்மா குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு அம்மாவோடு குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். ஒரு குடம் எனக்கும் கிடைத்தது. தம்பிகள் வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவன் கடித்துவிட, சின்னவன் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக் கீழ்த்தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டான். தள்ளத் தெரிந்தது, இழுக்கத் தெரியவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது உள்ளே ஒருவன் அழுதுகொண்டும் வெளியே ஒருவன் கதவை உதைத்துக்கொண்டும் இருந்தார்கள். குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

"கண்ணு, தாழ்ப்பாள பிடிச்சி இழுடா," என்று அம்மா கதவில் வாயை வைத்துக் கெஞ்சினாள்.

"வர்லம்மா."

"பல்லால இழுடா," என்று பெரியவன் யோசனை சொன்னான்.

ஆறு வீட்டு ஜனமும் கூடிவிட்டது. ஐந்தாவது விசில், ஆறாவது விசில். குக்கர் வெடித்துவிடும் என்று யாரோ ஒரு பெண் சொல்ல, அம்மா தலையில் அடித்துக்கொண்டு "அடுப்பாண்ட போவாத, அடுப்பாண்ட போவாத" என்று அலறினாள். பெரியம்மா இரண்டு கையாலும் கதவை இடித்தாள். கடைசி வீட்டுக்காரர், பெரியப்பாவின் ஆலையிலேயே சூப்பர்வைசர், தோளால் முட்டிப் பார்த்தார். தகரக் கதவு நெளிந்ததே தவிர திறக்கவில்லை. நான்கு நாளாக ஒரு டம்ளர் விழக்கூடாது என்று மிரட்டப்பட்ட வீடு அது. இப்போது தெருவே கூச்சல் போட்டது. குக்கர் ஓயும் இடைவெளியில் பெரியப்பாவின் குறட்டை கேட்டது.

எனக்கு வந்த எரிச்சலில் ஜன்னல் அட்டையைக் கிழித்தேன். ஒட்டடைக் கம்பை உள்ளே விட்டு அவர் விலாவில் ஒரு குத்து குத்தினேன். துள்ளி எழுந்தார். ஜன்னல் நிறைய முகங்களைப் பார்த்து விழித்தார். மறுகணம் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு அடுப்பை அணைத்து, கதவைத் திறந்தார். அம்மா சின்னவனை வாங்கி முத்தமிட்டு, பிறகு முதுகில் நாலு வைத்தாள்.

சூப்பர்வைசர் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, பத்து விசில் போச்சி, உன் காதுல உழலியா?"

பெரியம்மா முந்திக்கொண்டாள். "டபுள் ஷிப்ட் தம்பி. அசந்து தூங்கிட்டாரு."

தப்பைத் திருத்துவதில் எனக்கு அந்த வயதில் அபார ஆர்வம். "டபுள் ஷிப்ட் இல்ல பெரிம்மா. நேத்து பகல்லாம் இங்கதான இருந்தாரு? சாயந்தரம் டீ குடுக்க மூணு வாட்டி கூப்ட்டேன். முழிச்சிக்கினுதான் இருந்தாரு, திரும்பவே இல்ல."

பெரியம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றியிருந்தது. சூப்பர்வைசர் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். தம்பியைக் காப்பாற்றியவளைக் கிள்ளுகிறாளே என்று நான் அழுதேன். பெரியம்மா அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. அம்மா அன்றைக்கே மூட்டை கட்டினாள், மறுநாள் காலை வண்டிக்கு. இந்த முறை பெரியம்மா தடுக்கவில்லை.

இருபது வருட ஆலைச் சத்தம் பெரியப்பாவின் காதைத் தின்றுவிட்டிருந்ததை அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பி ஓடுகிற இடத்தில், பின்னாலிருந்து கத்தினால் கேட்காத ஆளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அவர் உதட்டைப் பார்த்தே சமாளித்துவந்தார். அதைத் தெருவுக்குத் தெரியாமல் தன் தூக்கச் சட்டத்தால் பெரியம்மா காத்துவந்தாள். அடுத்த கோடைக்கு நாங்கள் போனபோது அவர் ஒரு குடோன் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் சொன்னாரா, வேறு விதமாகத் தெரிந்ததா என்று நான் யாரையும் கேட்டதில்லை.

ஊருக்குக் கிளம்பிய காலையில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பெரியப்பா ஷிப்ட் முடிந்து நேரே ஸ்டேஷனுக்கு வந்து எங்களை வண்டியேற்றினார். தம்பிகளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தார். வண்டி நகர்ந்தபோது மனசு தாங்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"என் மேல கோவமா பெரிப்பா?"

அவர் வாய் நிறையச் சிரித்தார். ஆமாம், ஆமாம் என்று இரண்டு முறை தலையாட்டினார். கையும் அசைத்தார்.

பொன்னேரி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் இருந்தாலும் இல்லை என்று சொல்வதுதானே பெரியவர்கள் வழக்கம். இந்த ஆள் மட்டும் சிரித்துக்கொண்டே, கோபம் இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே என்று.