ஒரு நாள் உடனிருக்க ஆள் தேவை

மலையாளிகள் ஊரில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு மரப்பெட்டி உண்டு. நம் தேவையைத் தாளில் எழுதிப் போட்டால் ஞாயிறு ஆராதனையில் வாசித்து ஜெபிப்பார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாசித்து முடிப்பதற்குள் எல்லாத் தலைகளும் சரியான பெஞ்சை நோக்கித் திரும்பிவிடும். ஆவியின் வரங்களில் இதுவும் ஒன்று போலிருக்கிறது.

அம்மா, சாலை என்கிற பஜாரில் ஒரு மொத்தக்கடையில் பருப்பு புடைக்கிறவள். கடைப்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெண்கள் வார்டில் பைஸ்டாண்டராக ஒரு பெண் கூடவே இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் என்னை விட்டால் வேறு பெண் இல்லை. எனக்கோ புதன்கிழமை எறணாகுளத்தில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். எம்.எஸ்ஸி. வரை வந்துவிட்டு ஒரு பெட்பேனுக்காக நின்றுவிடுவதா?

சனிக்கிழமை பெண்கள் சங்கத்தார் ஆறு பேர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். ஜெபம் நீண்டதில், அம்மாவுக்கு ஊசி போட வந்த நர்ஸ் ஆமெனுக்காகக் காத்து நின்றாள்.

"புதன்கிழமை ஒருநாள் யாராவது அம்மாகூட இருப்பீங்களா, அக்கா?" என்று கேட்டேன்.

ஒருத்திக்கு அன்று உபவாச ஜெபம். ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. ஒருத்திக்கு 'அன்பின் ஊழியம்' என்று ஏதோ பயிற்சி வகுப்பு. செயலாளர் அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மோளே, நீ ஒண்ணும் பேடிக்காண்டாம், பயமே வேண்டாம். ஒரு துண்டுல எழுதிப் பெட்டியில போடு. சபையே தாங்கும், கேட்டியா."

மறுநாள், டிஸ்சார்ஜுக்குக் காத்திருந்த பக்கத்துக் கட்டிலாரிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டுப் போய், எழுதிப் போட்டேன். "ஆண்டவரே, ஒரு ஆளை அனுப்பும்" என்று சபையே உருகியது. நடுவில் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அனுப்பத்தக்க ஆட்கள் எல்லாரும் வரிசை வரிசையாகக் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்கள்.

செவ்வாய் சாயங்காலம்வரை யாரும் வரவில்லை. பிறகு, பிளாஸ்டிக் கூடையும் பாயுமாக அவள் வந்தாள்.

ஒரு ஹாஸ்டலில் சமையல் செய்கிறவள். எங்கள் சபைதான், ஆனால் இரண்டு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. நான் எம்.எஸ்ஸி. பாஸானபோது சபை முற்றத்தில் வைத்து, "பருப்பு புடைக்கியவளுக்க மவ இனி இங்கிலீஷ்லதான் தும்முவா" என்றவள். நானும் சும்மா விடவில்லை. அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாததை எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டினேன்.

"என்ன பாக்குத? அத்தன பேரு ஜெபிச்சாவல்லா, ஒருத்தியாவது வருவாளான்னு நானும் பாத்தேன்" என்றாள். "ஹாஸ்டல்ல லீவு சொல்லியாச்சு. உனக்காக இல்ல, உனக்க அம்மைக்காக்கும். நாளைக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிட்டுப் போனா ஒருத்தனும் வேல தரமாட்டான்."

நன்றி சொல்வதை விட்டுவிட்டு, "பெட்பேன் கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றேன்.

"எனக்குக் கண்ணு இருக்கு."

புதன் மாலை நான் திரும்பியபோது அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னியிருந்தது. இருவரும் சண்டையில் இருந்தார்கள். கஞ்சியில் உப்பில்லை என்றாளாம் அம்மா. "இடுப்புதான ஒடிஞ்சிருக்கு, நாக்கு ஒடியல்லியே!" என்று இவள் வார்டு முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "கேட்டதுக்குப் பதில் சொன்னியா, முழிச்சிட்டு நின்னியா?" என்றாள். சொன்னேன் என்றேன்.

அம்மா வீடு வந்த பிறகு ஒரு ஞாயிறு, செயலாளர் அக்கா சாட்சி சொன்னாள். சங்கம் பாரத்தோடு ஜெபித்ததால் கர்த்தர் அற்புதமாக ஒரு துணையை அனுப்பினாராம். அல்லேலூயா முழங்கியது. யார் அந்தத் துணை என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எழுந்தேன்.

"வந்தது அந்த அக்காதான்" என்று கடைசி பெஞ்சைக் காட்டினேன். "எழுத்துத் தெரியாதுன்னு நான் அவமானப்படுத்தின அக்கா."

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்படியே நடந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாய மூடிட்டு இரி பிள்ளே" என்றாள் அவள், முன்னாலேயே பார்த்தபடி. "ஹாஸ்டல்ல பிள்ளியளுக்குச் சோறு வைக்கணும். பாஸ்டரு சீக்கிரம் முடிக்கட்டும்."