பத்துக்குப் பத்து

மோட்டார் உதிரிபாகக் கடையில் முப்பத்தொரு வருடம் கவுண்டரில் நின்றவர் என் கணவர். எந்த நட்டு எந்த அலமாரியில், எத்தனையாவது பெட்டியில் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கடையில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் மெக்கானிக்குகள் இவரிடம்தான் கேட்பார்கள். வீட்டுக்குப் பால் வாங்கி வரச் சொன்னால் மட்டும் மறந்துவிடும். அப்போதெல்லாம் அது எனக்கு வேடிக்கை.

போன வருடம், பிரேக் ஷூ கேட்டவருக்கு கிளட்ச் பிளேட்டை எடுத்து நீட்டினார். ஒரே வாரத்தில் நாலு முறை. சரியானதும் வாருங்கள் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். விடுவேனா நான்? இடது கையால் பல் தேய்க்க வைத்தேன். குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்ட வைத்தேன். காலையில் பத்துப் பொருள் சொல்வேன். மாலையில் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் டீ கிடையாது.

முதல் மாதம் நாலைத் தாண்டவில்லை.

"வேணும்னே பண்றீங்களா?" என்று ஒரு நாள் கத்தினேன். அந்த நாக்கை இப்போது பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது.

பிறகு ஏழு, எட்டு. மூன்று வாரமாகப் பத்துக்குப் பத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளிக்கு நானே போன் போட்டேன்.

"திங்கக்கிழமை வரச் சொல்லுங்கம்மா, பார்ப்போம்" என்றார்.

இன்று மதியம் அவர் குளித்துவிட்டு வேறு சட்டை மாட்டிக்கொண்டார். கழற்றிப் போட்டதை ஊறவைக்க எடுத்தேன். மடித்திருந்த கைக்குள் ஒரு காகிதத் துண்டு. குடை, பூட்டு, ஊசி, தீப்பெட்டி என்று காலையில் நான் சொன்ன பத்தும் அவருடைய கோணல் எழுத்தில் இருந்தன. அவற்றுக்குக் கீழே, அடிக்கோடிட்டு இன்னும் ஒரு வரி: 'கேட்பவள் என் மனைவி. அடையாளம் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ளாதே.'

வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட வரவில்லை. முப்பத்தாறு வருடம் இந்த மனுஷனோடு குப்பை கொட்டியிருக்கிறேன்.

உள்ளே அவர் தலையணையைத் தூக்கிப் பார்த்தார், செய்தித்தாளை உதறினார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"கையைக் காட்டுங்க, மடிச்சு விடறேன்" என்று சொல்லி, மடிப்புக்குள் அந்தத் துண்டையும் செருகிவிட்டேன். பிறகு முதலாளிக்கு போன் போட்டு, திங்கட்கிழமை வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல் எதிரில் போய் நின்றேன். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அப்புறம் முகத்தைத் திருப்பி, சட்டைக் கையைப் பிரித்தார். அவர் விரல் கடைசி வரிக்குப் போய் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, கணவனாகச் சிரித்தார்.

"வா, உக்காரு. கேளு" என்றார்.