ஒதிலியா கேட்ட கேள்வி

1981 மார்ச் 3 — 84
மார்ச் 11 — 57
மார்ச் 24 — 36
மே 5 — 21

நெல்டா என்ற இரண்டு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் அளவு இது, டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில். எண்களை எழுதியவன் நான், பிதென்சியோ திரெவின்யோ. டெக்சஸின் தென்கோடியில், ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ என்றிருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டுக்கு இருபத்தாறு வருடம் தலைமை நர்ஸாக இருந்தேன். எண்கள் இறங்கியதற்குக் காரணம் ஒதிலியா பெனவிடெஸ். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு முப்பது வருடம் ஆயிற்று.

ஒதிலியா 1964இல் உதவி நர்ஸாகச் சேர்ந்தாள். வெங்காய வயலில் வேலை செய்தவர்களின் மகள். கோடை வந்தால் குடும்பத்தோடு வடக்கே களை எடுக்கப் போனதில் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு மாலை வகுப்பில் படித்துப் பயிற்சி முடித்தாள். வார்டுக் குறிப்புகளை நான் என் சொந்த நோட்டிலும் நகல் எழுதி வைப்பேன். அவள் எழுதிய முதல் குறிப்பு அதில் இருக்கிறது: "குழந்தை அழுதது. அம்மாவும் அழுதாள். இப்போது இருவரும் தூங்குகிறார்கள்." இது நோயாளிக் குறிப்பா, கடிதமா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"படிச்சா புரியுதில்ல, தோன் பிதென்சியோ?" என்றாள். தோன் என்பது எங்கள் ஊரில் பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதை; பெண்களுக்குத் தோன்யா.

புரியத்தான் செய்தது. எனக்குப் பிடிக்காமல் போனதும் அதுதான்.

என் குறிப்புகளில் ஒரு மணி, ஒரு நிமிடம் தவறாது. ராணுவத்தில் பழகியது. ஆனால் வார்டுக்குள் வருகிறவர்கள் என் மேசையைத் தாண்டிப் போய் "தோன்யா ஒதி இல்லையா?" என்பார்கள். 1979 நவம்பரில் ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். அவளைத் தேடி வந்தவர்கள் முப்பத்தொன்பது பேர். என்னைத் தேடி வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர், அவள் எங்கே என்று என்னிடம் கேட்க வந்தவர். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் பதினான்கு வீட்டிலிருந்து, மக்காச்சோள மாவில் இறைச்சி வைத்து அவிக்கும் தமாலே வந்தது. எனக்கு ஒரு பொட்டலம். அதையும் அவள்தான் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

நெல்டாவை 1981 பிப்ரவரி 28 அன்று அவள் அம்மா எலோய்சா தூக்கி வந்தாள். வாந்தி, வயிற்று வலி, ஒரு முறை வலிப்பு. டாக்டருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவர் கேட்டதை நான் கேட்டேன்: வீட்டில் வேறு மருந்து ஏதாவது கொடுத்தாயா? இல்லை என்றாள். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் இல்லை. "மருந்து: இல்லை" என்று எழுதினேன். குழந்தைக்குக் குறையவில்லை. மறுபடியும் வலிப்பு வந்தால் பிழைக்காது என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் காலை ஒதிலியா படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே எலோய்சாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த கட்டிலில் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு எம்பாச்சோவைப் பற்றி. சாப்பிட்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டது என்று எங்கள் பெண்கள் சொல்வார்களே, அந்தக் கோளாறு.

"என் மூத்தவனுக்கு எங்க அத்தை முதுகுத் தோலைப் பிடிச்சு இழுத்துவிட்டா. அப்புறம் என்னமோ பொடி குடுத்தா. டாக்டர்கிட்ட நானும் வாயைத் திறக்கல," என்றாள் ஒதிலியா. "எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி நீ யாருகிட்ட காட்டினே, மகளே?"

எலோய்சா விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினாள். பிறகு பக்கத்துத் தெருக் கிழவி ஒருத்தியின் பெயரைச் சொல்லி, பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தாள். உள்ளே ஆரஞ்சு நிறப் பொடி. தினம் ஒரு சிட்டிகை, ஒன்பது நாள் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு அது மருந்தே அல்ல. அதனால் எனக்குச் சொன்ன பதிலும் பொய்யல்ல.

ஒதிலியா மடிப்பைக் கைக்குட்டையில் வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"உங்க தாள்ல இதுக்கு இடம் இருக்கா, தோன் பிதென்சியோ?"

இடம் இல்லை. பரிசோதனையில் பொடி முழுக்க ஈயம் என்று தெரிந்தது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்து நெல்டாவைப் பிழைக்க வைத்தார்கள். நான் குறிப்பில் எழுதியது: "நர்ஸ் விசாரித்ததில் தெரியவந்தது." கீழே என் கையெழுத்து. ஒரு பெயர் எழுதக்கூட இடம் மிச்சமிருந்தது.

அந்த வருடக் கடைசியில் ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது. வார்டில் கேக் வெட்டினார்கள். ஒதிலியா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "குறிப்புல உங்க கையெழுத்து அழகா இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சேர்க்கைத் தாளின் ஓரத்திலும் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள்: "எங்களுக்கு முன்னால் யார் பார்த்தார்கள்?" அச்சிட்ட தாளில் கிறுக்கக் கூடாது என்று நான் அழித்தேன். அவள் எழுதுவாள், நான் அழிப்பேன். எழுதியிருந்தாலும் அழித்திருந்தாலும் அவள் வாயால் கேட்டாள். அப்படிக் கேட்டே அதே பொடியைச் சாப்பிட்ட இன்னும் நான்கு குழந்தைகளைக் கண்டுபிடித்தாள்.

2011 ஆகஸ்ட் 22 அன்று எங்கள் பக்கத்து ஹிஸ்பானிக் நர்ஸுகள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மண்டபத்தில் பெயர்ப் பலகைகள் வைக்கிறார்களாம். 1981இல் ஈயத்தைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஒன்று. விவரம் சரிதானா என்று கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கோப்புகள் எப்போதோ போய்விட்டன. நகல் இருந்தது என் நோட்டில் மட்டும்தான். மூன்று வாரம் பதில் போடவில்லை.

செப்டம்பர் 14 அன்று ஒதிலியா வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டால் நிம்மதி என்று நினைத்தேன். அவளுக்கு எழுபத்தெட்டு வயது; அப்போதும் அவள் சமையலறையில் மூன்று பேர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அவர்கள் போகும்வரை காத்திருந்து கடிதத்தைக் காட்டினேன். உனக்கு இந்தப் பலகையெல்லாம் பெரிய விஷயமாக இருக்காது, இல்லையா என்றேன்.

"யாரு சொன்னா? எனக்கு வேணும்," என்றாள். "நீங்க திருத்துவீங்கன்னு முப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். நோட்டு பத்திரமா இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப திருத்துங்க. ரப்பர் வேணாம்."

எங்கள் தொழிலில் தவறை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பழையது தெரியும்படி விட்டு, மேலே சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். புதிதாக வந்த ஒவ்வொரு நர்ஸுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். மறுநாள் நோட்டில் "நர்ஸ்" என்ற சொல்லை அடித்து, மேலே "ஒதிலியா பெனவிடெஸ்" என்று எழுதி, அந்தப் பக்கத்தின் நகலைச் சங்கத்துக்கு அனுப்பினேன்.

பலகையில் அவள் பெயரும், கீழே அவள் கேள்வியும் பொறித்துவிட்டதாகப் பலகையின் படத்தோடு பதில் எழுதினார்கள். நான் கேட்டுக்கொண்டபடி என் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி 2011 அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை.